வால் கொழுத்த பல்லி

"வால் கொழுத்திருக்கணும்மா. வாலைப் பார்த்தா பல்லியோட சத்து தெரிஞ்சிடும்," என்றார் யெர்மெக், என் செல்லப்பிராணிக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் மூக்கை அழுத்திக்கொண்டு. அல்மாத்தியில் ஒரு பல்லி வளர்த்தவனெல்லாம் மேதைதான்.

"இது எப்படிண்ணே?"

"சீ, ஈர்க்குச்சி மாதிரி இருக்கு."

"அது?"

"தூங்கி வழியுது. நோய் பிடிச்சதையெல்லாம் என் தலையில கட்டப் பார்க்கிறியா?"

பட்டப்பகலில் பல்லி தூங்காமல் பாட்டா பாடும்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அதோ, மூலையில! உச்சந்தலையில பிறை மாதிரி புள்ளி இருக்கே, அதை எடு."

எடுத்துக் காட்டினேன். வாயைப் பிளந்தார்.

"அடேயப்பா, என்ன வால்! கண்ணு பளபளங்குது, விரல் ஒண்ணு குறையல. இப்படி ஒண்ணை என் ஆயுசுல பார்த்ததில்ல!"

மருமகளோ கன்றுக்குட்டியோ, முதன்முதலாகப் பார்க்கிறவர் வெறுங்கையோடு பார்க்கக் கூடாது என்பது எங்கள் கசாக் வழக்கம். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து, பெருமையாக நீட்டினார்.

"இந்தா, இதைப் பார்த்ததுக்குக் கொரிம்திக்!"

சாக்லேட்டை அவர் பையிலேயே திரும்பப் போட்டேன். பல்லியைப் பெட்டிக்குள் விட்டு மூடினேன்.

"கொரிம்திக் முதல் தடவை பார்க்கிறவங்க கொடுக்கிறதுண்ணே. போன ஜனவரியில, கொட்டுற பனியில, வால் சூம்பிப்போன இதை ஷூ டப்பாவுல போட்டு என் கடை வாசல்ல வச்சுட்டு ஓடினீங்களே, உள்ளேயிருந்து நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."