அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்த ஜாடி

ஜாடி, அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தது. ஈரத்துணி போர்த்தியிருந்தது. சுற்றிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்த ஈரம்.

அத்தை அதைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார் என்றே நினைத்திருந்தேன். கேட்கவில்லை. என் கரு கலைந்ததிலிருந்து இந்த வீட்டில் பேச்சே இல்லை. வெள்ளத்தாய் அத்தை சோறு வைப்பார், நான் சாப்பிடுவேன். அவர் மகன் மாரீஸ்வரன், என் வீட்டுக்காரர், பட்டாளத்தில் இருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் ஆன்லைனில் வாங்கியது, கண்ணாடி ஜாடிக்குள் வளர்க்கும் பாசிச் செடி. இதையாவது சாகவிடக் கூடாது என்று வெறி.

அதுவும் பழுக்கத் தொடங்கியது. தண்ணீர் தெளித்தாலும் பழுப்பு, தெளிக்காவிட்டாலும் பழுப்பு. செடிக்கு வெயில் வேண்டாமா என்று ஜன்னலில் வைத்தேன். ராஜபாளையத்து வெயில் சும்மா விடுமா? இன்னும் கருகியது. நான் என்ன தப்பு செய்கிறேன் என்றே புரியவில்லை. ஒரு நாள் ஜாடியையே காணோம்.

இப்போது துணியை விலக்கினால் பச்சைப் பசேல் என்று இருந்தது. நூல் நூலாகத் தண்டுகள் வேறு கிளம்பியிருந்தன. இது என் ஜாடிதானா?

பின்னால் செம்போடு அத்தை நின்றார்.

"முளைப்பாரிய யாராவது வெயில்ல வைப்பாகளா தாயி? இருட்டுலதான வைக்கணும். அதான் இங்கன கொண்டாந்து, அய்யனார் கோவில் அருவித் தண்ணி தெளிச்சேன்."

முளைப்பாரியா?

கொஞ்ச நாளாக அத்தை ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காதது, வெறும் தரையில் படுப்பது, எல்லாம் இதற்குத்தானா? அம்மனுக்கு நான் நேர்ந்துகொண்டு வளர்ப்பதாக நினைத்து, எனக்குப் பதிலாக அவர் விரதம் இருக்கிறார்!

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கூடவே கோபமும் வந்தது. அதற்குள் அடுத்த பிள்ளைக்கு என்ன அவசரம்?

"என்னன்னு வேண்டிக்கிட்டீங்க அத்தை?"

அத்தை என் வாயையே பார்த்தார். கையிலிருந்த செம்பு நழுவி விழுந்தது. எடுக்கக்கூட இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

போனில் அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஏலே மாரீஸ்வரா, ஆத்தா கண்ணத் தொறந்துட்டாளே! கல்பனா பேசிட்டா!"