துடைக்காமல் விட்ட சீட்டு

"இதுக்குப் பேர்தான் சுத்தம் பண்றதா?"

காரில் ஏறி உட்கார்ந்த அக்காக்காரி, உட்கார்ந்த வேகத்திலேயே இறங்கிவிட்டாள். ஆபீஸுக்குப் போட்டுப்போன கறுப்பு பேண்ட் முழுக்க பிஸ்கட் தூள் அப்பிக்கொண்டிருந்தது.

கார் கழுவும் கடையின் முதலாளி அலறியடித்துக்கொண்டு வந்தார். வாரா வாரம் வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிற வண்டி அது. வெளியே கழுவாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே துடைத்தால் போதும் என்று சொல்லுகிற அபூர்வமான வண்டி.

"நான் ஆபீஸ் பஸ்ல போயிடறேன். வாரம் முழுக்க வண்டி என் தம்பிகிட்டதான். குழந்தையை ஸ்கூல்ல விட்டு, கூட்டிட்டு வந்து, வெள்ளிக்கிழமையானா இங்க விட்டுத் துடைச்சும் கொடுக்கறான். அவனுக்கு இருக்கிற பொறுப்பு உங்களுக்கு வேண்டாமா? பின்னாடியெல்லாம் பளபளன்னு இருக்கு. முன் சீட்டை மட்டும் தொடவே இல்ல."

பொறுப்பான தம்பி பக்கத்தில் நின்று செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். "விடுக்கா. வீட்டுக்குப் போய்த் தட்டிக்கலாம்" என்றான். குரல் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

முதலாளி விடுவதாயில்லை. "பளிச்சக்கா, இங்க வா" என்று உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

பளிச்சக்கா ஈரத் துணியோடு வந்தாள். ஒன்பது வருஷமாக அந்தக் கடையில் வண்டிகளின் உட்புறம் அவள் வேலை. சீட் இடுக்கில் விழுந்த ஒற்றைத் தோட்டைக்கூடத் தேடி எடுத்துக் கொடுப்பவள். அந்தப் பெயர் ஒன்றும் சும்மா வரவில்லை.

"என்ன இது? கண்ணு எங்க போச்சு உனக்கு?"

"மறந்துட்டேன் முதலாளி."

"மறக்கிற இடமா இது? இப்படியே போனா திங்கக்கிழமையிலேர்ந்து நீ டயர் கழுவத்தான் போகணும். உள்வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

பளிச்சக்காவுக்கு முழங்கால் வலி. உட்கார்ந்து எழுந்து டயர் கழுவுவதெல்லாம் ஆகாது. அது முதலாளிக்கும் நன்றாகத் தெரியும். ஆனாலும் அவள் முன் கதவைத் திறந்து சீட்டைத் தட்ட ஆரம்பித்தாள்.

"டேஷ்போர்டையும் துடைச்சிடறேன் மேடம். குழந்தையோட ஷூ அச்சு இருக்கு."

"குழந்தையோட ஷூவா? அவ பின்னாடிதானே உக்காருவா?"

அக்காக்காரி எட்டிப் பார்த்தாள். டேஷ்போர்டில் இரண்டு குட்டி ஷூத் தடங்கள், பக்கத்தில் பக்கத்தில், சீல் குத்தின மாதிரி இருந்தன.

அவளுடைய நாலு வயசு மகள் பின்னால் குழந்தைகளுக்கான தனிச் சீட்டில் இருந்தாள். சற்றுமுன் அம்மாவேதான் தூக்கி உட்காரவைத்து, இரண்டு தோளுக்கும் பெல்ட் மாட்டி, அதற்குள் ஒரு விரலுக்கு மேல் நுழையவில்லை என்று சோதித்துவிட்டு முன்னால் வந்து ஏறியிருந்தாள்.

"கண்ணு, இங்க கால் வச்சது யாரு?"

"நான்தான்" என்றாள் மகள் பெருமையாக. "அம்மா வந்தா பின்னாடி, மாமா வந்தா முன்னாடி. முன்னாடின்னா பெல்ட் கிடையாது, பிஸ்கட் உண்டு."

தம்பி செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"ஸ்கூல்லேர்ந்து வீடு ரெண்டு தெருதானேக்கா. பெல்ட் போட்டா அழறா. மாமா மாமான்னு அழுதா எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது."

"போன வாரம் நாய் குறுக்க வந்துச்சு, சடன் பிரேக் அடிச்சேன்னு சொன்னியே. அன்னிக்கு இவ எங்க உக்காந்திருந்தா?"

தம்பியின் பார்வை முன் சீட்டுக்குப் போனது.

அக்காக்காரி பின்கதவைத் திறந்து மகளின் பெல்ட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தரமும் பார்த்தாள்.

பிறகு தம்பியிடம் கையை நீட்டினாள். "சாவியைக் கொடு. திங்கக்கிழமையிலேர்ந்து அவளைப் பின்னாடி உக்காரவச்சு, பெல்ட் போட்டு, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிட்டுத்தான் வண்டியை நகர்த்தணும். அழுதா அழட்டும். தாங்கலேன்னா நீயும் கூடச் சேர்ந்து அழு."

"சரிக்கா."

வண்டி கிளம்பியது. தம்பி முன் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, பிரம்படி வாங்கின பையனைப் போல உட்கார்ந்திருந்தான்.

முதலாளி பெருமூச்சு விட்டார். "நீ மறந்ததும் ஒரு விதத்துல நல்லதாப் போச்சு."

"மறக்கல முதலாளி. வாரா வாரம் பின்னாடி அந்தக் குட்டிச் சீட்டு புத்தம் புதுசா இருக்கும், முன்னாடிதான் பிஸ்கட் தூள் இறைஞ்சு கிடக்கும். குழந்தையைப் பின்னாடி உக்காரவைங்கன்னு மூணு வாரமா அந்தத் தம்பிகிட்ட சொல்லிப் பாத்தேன். சிரிச்சுக்கிட்டே போயிடும். இன்னிக்கு வண்டியை விடறப்ப, 'அக்காவும் வராங்க, முன் சீட்டை நல்லாப் பாத்துக்கங்க'ன்னு சொல்லிச்சு. நல்லாத்தான் பாத்தேன். துடைக்கல."

முதலாளி தலையைச் சொறிந்தார். "சரி சரி, டயரெல்லாம் வேண்டாம். நீ உள்வேலையே பாரு" என்றார். பிறகு பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. "இந்தக் காலத்துப் பசங்களுக்குச் செல்லம் கொடுக்கத் தெரியுது, பொறுப்பு இல்ல. என் பேரனுக்குப் பாரு, பின்னாடி தனி சீட்டு வாங்கிப் போட்டிருக்கேன். இருக்கறதுலயே உசத்தியான சீட்டு."

"பாத்திருக்கேன் முதலாளி. அதுல பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கல." பளிச்சக்கா துணியைப் பிழிந்து உதறினாள். "நாளைக்கு உங்க வண்டி முறை. ஸ்டியரிங்ல இருக்கிற குட்டிக் கை சாக்லேட் அச்சைத் துடைச்சிடட்டுமா, இல்ல உங்க மருமக பாக்கட்டும்னு விட்டுடட்டுமா?"