நூறு சென்டிமீட்டர்

மழை நின்று நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது.

நான்கு நாள் விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்திருந்தது. வெயில் பளிச்சென்று அடித்தது.

வகுப்பறைக் கதவு மட்டும் காலையிலிருந்தே முரண்டு பிடித்தது. டீச்சர் தோளால் முட்டித்தான் திறந்தாள். ஈரத்தில் மரம் உப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்து வகுப்பின் கூச்சல் தாங்காமல் மறுபடி இழுத்துச் சாத்தியபோது, அது நிலையில் சிக்கிக்கொண்டு கிறீச்சிட்டது.

மலை ஊற்றிலிருந்து வரும் குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்தது.

"டீ கலர்ல வருது. பால் மட்டும் ஊத்தினா போதும், ஊருக்கே குடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் பள்ளிக்கூடம் பெருக்கும் அக்கா. டீச்சரும் சிரித்தாள்.

மேசை மேல் பெரிய தகரத் தட்டு. அதில் களிமண், மணல், கூழாங்கல். மூன்றாம் வகுப்புக்கு இன்று நிலத்தோற்றங்கள் பாடம். பதினொரு வருடமாக இதே தட்டில்தான் அவள் மலையை எழுப்புகிறாள், பள்ளத்தாக்கைத் தோண்டுகிறாள், ஆறு கடலைத் தொடும் இடத்தில் வண்டல் விரிவதைக் காட்டுகிறாள்.

இருபத்தெட்டுப் பிள்ளைகளும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறாத குறையாக மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"மலை எப்படி டீச்சர் வளருது? சாப்பிடுமா?"

"உன்ன மாதிரி நாலு வேளை சாப்பிடாது. பூமிக்குள்ள ரெண்டு பெரிய பாறைத் தட்டு ஒண்ண ஒண்ணு நெருக்கும். நடுவுல மாட்டினது மடிஞ்சு மேல வரும். மெதுவா. ரொம்ப ரொம்ப மெதுவா. உங்க நகம் வளர்ற வேகத்துல."

எல்லோரும் நகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் கடித்ததை நிறுத்தினான்.

அந்த 'மெதுவா'தான் அவளுடைய பாடம் முழுக்க. அதைக் கண்ணால் காட்டத்தான் பத்து வாரத்துக்கு முன் பள்ளிக்குப் பின்னால் எழும் சரிவில், பாதி உயரத்தில், இரண்டு முளைகளை அடித்து வைத்தாள். மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் கச்சிதமாக ஒரு மீட்டர்.

வாரா வாரம் திங்கட்கிழமை காலையில் ஒன்றரை மீட்டர் அளவுக் குச்சியோடு போய் அளந்து வந்து, சுவரில் இருக்கும் அட்டவணையில் எழுத வேண்டும். அந்த வேலை ஒரு சிறுமிக்கு. வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் 'ஸ்கேல்'. தூங்குகிற பூனையின் வாலைக்கூட விட்டுவைக்காதவள்.

அட்டவணையில் 100. மறுபடி 100. மூன்றாவது வாரம் 101.

அன்று டீச்சர் அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டாள். "மலைக்குக் கால் முளைச்சிருச்சாம்" என்று அவள் சொன்னதற்கு வகுப்பே சிரித்தது. வட்டத்துக்குப் பக்கத்தில் 'கவனமாக அளக்கவும்' என்று எழுதினாள்.

அதற்கப்புறம் வரிசையாக 100தான். மேற்பார்வைக்கு வந்த அதிகாரிகூட அட்டவணையைப் பார்த்துத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

"இப்ப மழை பெய்யட்டுமா?"

பூவாளியைச் சாய்த்தாள். தட்டு மலையில் குட்டி ஓடைகள் கிளம்பின. மணலை அரித்து அடிவாரத்தில் கொட்டின. யாரோ ஒருத்தி அங்கே தன் ரப்பரை வைத்து, "இது நம்ம ஸ்கூல்" என்றாள்.

பூவாளி காலியானது. மலை அப்படியே நின்றது.

"அவ்ளோதானா?" பின்னாலிருந்து ஒரு கொட்டாவி.

டீச்சர் பூவாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். அப்போதுதான் மலையின் முதுகில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. கோடு வாய் திறந்தது. சரிவு மொத்தமாக, ஓசையே இல்லாமல், இறங்கி வந்து ரப்பரை மூடியது.

பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"தண்ணி ஊத்தும்போது விழல. நிறுத்தினப்புறம் ஏன் டீச்சர் விழுது?"

"மேல ஊத்தினது உள்ள இறங்க நேரமாகுமில்ல? உள்ள போய்ச் சேர்ந்தா மண்ணு கனத்துடும், பிடி விட்டுடும். அதனாலதான், மழை நின்னதுக்கு அப்புறம்..."

வாக்கியத்தை முடிக்காமல் நிமிர்ந்தாள்.

கதவைப் பார்த்தாள். குழாயை நினைத்தாள். ஈரத்தில் மரம் உப்பும், சரிதான். ஆனால் நிலைக்கால் சாய்ந்தாலும் கதவு சிக்கும்.

சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பினாள். நூறு, நூறு, நூறு. பத்து வாரமாக அசையாத மலை.

அட்டவணைக்குப் பக்கத்தில் ஸ்கேல் நின்றிருந்தாள். கைதட்டாதவள் அவள் ஒருத்திதான். முழங்கால் வரை சேறு. கையில் பென்சில். இந்த வாரத்துக் கட்டம் இன்னும் காலியாக இருந்தது.

"காலைல போய் அளந்தியா கண்ணு?"

தலையாட்டினாள்.

"நூறுதானே? எழுதிடு."

சிறுமி சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள். பிறகு டீச்சரை.

"எப்பவும் எழுதுற மாதிரியே எழுதிடவா டீச்சர்?"

"எப்பவும் எழுதுற மாதிரின்னா?"

"நீங்க தப்புன்னு போட்டதுலேர்ந்து, எவ்ளோ வந்தாலும் நூறுன்னுதான் எழுதுறேன்."

பென்சிலின் முனையை விரலில் அழுத்தியபடி, திட்டு வாங்கத் தயாராக, மெல்லிய குரலில் சொன்னாள்.

"இன்னிக்கு அந்தக் குச்சியே பத்தல டீச்சர்."