அந்தப் பக்கத்துப் புள்ளி

“அந்தப் புள்ளியை அழிச்சு விடும், பிள்ளை.”

“அழிக்க மாட்டேன் சேர்.”

பேராசிரியர் யோகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிலக்ஷியைப் பார்த்தார். அவரிடம் மாட்டேன் என்று சொன்ன மாணவி இதுவரை இல்லை.

கந்தப்பளைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில், குழந்தைகள் வீட்டுக்குப் போனபின் பிள்ளைக் காம்பரா என்ற குழந்தைக் காப்பகத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். விறகடுப்புப் புகை லயம் என்ற வரிசை வீடுகளில் இருக்கும் ஜனங்களின் நெஞ்சை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்பதுதான் ஆய்வு. தோட்டத்து ஆட்களையெல்லாம் மூச்சளக்கும் கருவியில் ஊத வைத்தாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்கள் வேண்டுமே? அதற்கு அலையவில்லை. பல்கலைக்கழகத்திலேயே குழுவினர் பெயர் போடாமல் ஆளாளுக்கு ஊதிக்கொண்டார்கள். இந்தத் துறையில் வழக்கமாக நடப்பதுதான். ஆராய்கிறவருக்கு நெஞ்சு சரியாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

நிலக்ஷி மட்டும் ஊதவில்லை. “நீர் லயத்திலை பிறந்தனீர். நீர் அந்தப் பக்கம்” என்று பேராசிரியரே அவளை விலக்கிவிட்டார்.

இப்போது கணினித் திரையில் ஒரு புள்ளி மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. ஆரோக்கியமானவர்களின் கூட்டத்தை விட்டுக் கீழே இறங்கி, லயத்து ஆட்களின் புள்ளிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

“ஆரோ விளையாட்டா ஊதியிருக்கினம். இல்லாட்டிக் கருவியிலை பிழை. எங்கட ஆக்களுக்கு இப்பிடி நெஞ்சு இராது.”

“அதை யார் பாத்தா சேர்? நாம ஆராய்ச்சி பண்றவங்க, அதனால நல்லா இருக்கோம்னு நாமளே முடிவு பண்ணிக்கிட்டோம்.”

“இந்தப் புள்ளி கிடந்தா வித்தியாசம் குறைஞ்சு போம். புகையாலைதான் எண்டு தோட்டத்துத் துரைமார் ஒத்துக்கொள்ள மாட்டினம். உம்மட அம்மான்ர லயத்துக்குப் புகைபோக்கி வராது. விளங்குதோ?”

விளங்காமல் என்ன? அம்மா பேச ஆரம்பித்தால் இருமல்தான் முடித்து வைக்கும். அந்தப் புகைபோக்கிக்காகத்தான் நிலக்ஷி இந்த ஆய்வுக்கே வந்தாள். அழுகை முட்டியது. ஆனால் கோபம் முந்திக்கொண்டது.

“வராட்டி போகட்டும். பொய் சொல்லி வாங்க வேணாம். லயத்துல இதவிட மோசமா எத்தன பேரு ஊதுனாங்க? அதுல ஒண்ணையாவது மெஷின் பிழைன்னு சொன்னீங்களா? எங்களுக்கு அப்படித்தான் இருக்கும்னு பேசாம எழுதிக்கிட்டீங்க. உங்க ஆளுக்குன்னா மட்டும் அழிக்கணுமா?”

“குழுவுக்கு நான்தான் தலைவர். எடுத்து விடும் எண்டுறன்!”

“அப்ப என் பேரையும் சேத்து எடுத்துருங்க சேர்.”

கணினியை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை.

யோகேஸ்வரன் ஜன்னலுக்குப் போனார். காலையில் ஏற்றத்தில் அடிக்கடி நின்று மலையழகை ரசித்தவர் அவர். வந்த நாளிலிருந்து ஒரு லயத்துக்குள்ளும் கால் வைக்கவில்லை. பெரிய மனிதருக்குப் புகை ஆகாது போலிருக்கிறது என்று நிலக்ஷி நினைத்திருந்தாள். வெளியே லயத்துக் கூரைகளில் சாயங்காலப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவர் அதையே வெகுநேரம் பார்த்தார்.

திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷம் யாழ்ப்பாணத் தமிழ் தவிர வேறு பேசி யாரும் கேட்டிராத அந்த வாயிலிருந்து அவளுடைய தமிழ் வந்தது.

“அழிக்க வேணாம் புள்ள, அத லயத்துப் பக்கம் மாத்திப் போடு. நான் றொசல்ல தோட்டத்துல, லயத்துக் காம்பராவுல, அடுப்புப் பக்கத்துல ஒக்காந்து படிச்சவன்.”