தொட்டித் தண்ணீர்

"போன வாரம் நீ குடுத்த கலர் மீன் அத்தனையும் செத்துப்போச்சு. சீக்கு மீனை வித்து ஏமாத்துறியா?"

எண்ணூர் தொழிற்சாலை மேனேஜர் தொட்டிப் பக்கத்தில் நின்று எல்லார் முன்னாலும் கத்தியதும், மீன்கடை சுஃபியானுக்குச் சுர்ரென்று ஏறியது.

"என் மீனு மேல பழி போடாத சார். கடையில துள்ளிக்கினு கீது. உன் தொட்டிலதான் சாவுது. இன்னா தண்ணி அது?"

"எங்க கழிவுநீர்தான். சுத்தம் பண்ணி மறுபடி அதையேதான் பயன்படுத்துறோம். ஊர்த் தண்ணி ஒரு சொட்டு எடுக்கிறதில்ல. நாளைக்கு அதிகாரிங்க வர்றாங்க. அவங்க முன்னால மீன் நீந்தணும்."

"சுத்தமா? மோந்து பாரு, கலீஜ்! நல்ல தண்ணி ஊத்து சார். அப்பவும் ஒண்ணு செத்துச்சுன்னா என்னைச் செருப்பால அடி!"

மறுநாள் தொட்டியில் நாற்றமே இல்லை. தன் ஏச்சுக்குப் பயந்து சுத்திகரிப்பு மிஷினை ஒழுங்காக ஓட்டியிருக்கிறார்கள் என்று சுஃபியான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். அவன் விட்ட மீன்கள் வாலை ஆட்டி நீந்தின. அதிகாரிகள் கைதட்டினார்கள்.

அப்போது மனைவி உமைமா போனில் பொரிந்தாள்.

"நம்ம தெருவுக்கு இன்னிக்கு தண்ணி லாரி வர்ல. காலைலேர்ந்து கொடத்த வெச்சிக்கினு நிக்கிறோம்!"

"வர்ட்டும், அந்த டிரைவர உண்டு இல்லன்னு பண்றேன்!"

பல்லைக் கடித்தபடி வெளியே பாய்ந்தான். தொட்டி இருந்த ஷெட்டுக்குப் பின்னால், சொட்டும் குழாயைத் தண்ணி லாரியில் சுருட்டிக்கொண்டிருந்தான் அதே டிரைவர்.

"இன்னா பாய் மொறைக்கிற? நல்ல தண்ணி ஊத்தச் சொன்னதே நீதானாமே!"