இரண்டாவது மடிப்பு

"உன் உயிரோட விலை நாலாயிரம் சொன்னான். பேரம் பேசி மூவாயிரத்து இருநூறுக்கு முடிச்சேன்" என்று புது லைஃப் ஜாக்கெட்டை நீட்டினார் டைல்ஸ் கடைக்காரர்.

"உயிர்லகூடத் தள்ளுபடியா?" என்று வாங்கி மாட்டிக்கொண்டாள் அவர் மனைவி. ஊரில் பெயர்பெற்ற பல் டாக்டர். "உங்களுக்கு?"

"எனக்குப் பழசே போதும். ஸ்டாக் தீரணும்ல."

ஃபெரி ஊழியர்கள் வேலைநிறுத்தம். காலை பத்து மணிக்கு இருவரும் வளைகுடாவின் அக்கரையில் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். இருவருக்கும் பொதுவான சின்னப் பாய்மரப் படகுதான் கைகொடுத்தது. மாலை ஆறுக்குக் கிளம்பினால் காலை ஒன்பதுக்குள் போய்விடலாம் என்பது அவர் கணக்கு.

"ஒன்றரை வருஷ அலைச்சல். நாளைக்காவது முடியணும்" என்றாள்.

"முடிஞ்சிடும். லேட்டாப் போனோம்னா, மறுபடி எப்போ கூப்பிடுவாங்களோ தெரியாது."

நள்ளிரவில் காற்று முறைத்துக்கொண்டது. அலைகள் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டன. இருவரும் தட்டுத்தடுமாறி, பாயை ஒரு மடிப்பு மடித்துச் சிறிதாக்கிக் கட்டினார்கள்.

"இன்னொரு மடிப்பும் போட்டா ஆட்டம் குறையும்ங்க."

"வேகமும் குறையும். அப்புறம் பத்து மணிக்கு நீந்தித்தான் போகணும்."

சொல்லி முடிப்பதற்குள் ஓர் அலை அவர் முகத்தில் அறைந்தது. உப்புத் தண்ணீரைத் துப்பினார்.

"வாயை மூடிக்கிட்டு ஓட்டுங்க."

"ஊரையே வாயைத் திறக்கச் சொல்ற. என்னை மட்டும் மூடச் சொல்ற."

அவள் சிரித்துவிட்டாள். "முதுகுவலி மாத்திரை போட்டீங்களா?"

"பையில இருக்கு."

"பையில இருந்தா முதுகுக்கு எப்படித் தெரியும்? போட்டுட்டுப் படுங்க. ஒரு மணியிலிருந்து என் முறை."

மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் சுக்கானைப் பிடிக்க, மற்றவர் கீழே தூங்க வேண்டும். நாலு மணிக்கு அவரை எழுப்பினாள்.

"இடதுபக்கம் படு. அங்கதான் உனக்கு வாந்தி வராது" என்றபடி மேலே ஏறி வந்தார்.

ஏழு மணிக்குக் காற்று அடங்கியது. பாயை முழுசாக விரித்தும் போன நேரம் திரும்பவில்லை. துறைமுகத்துக்குள் நுழையும்போது மணி பதினொன்றே முக்கால்.

"காத்து கவுத்துடுச்சு" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"ஆமா, காத்துதான்" என்றாள் அவள், கயிற்றைச் சுற்றியபடி.

வந்து சேர்ந்த நேரத்தை எழுத, பயணக் குறிப்பேட்டைப் பிரித்தார். பாயைத் தொட்டால் காரணத்தோடு அதில் எழுத வேண்டும் என்பது படகு வாங்கிய நாளிலிருந்து இருவரும் மீறாத சட்டம். அவள் கையெழுத்தில் ஒரு வரி: 'மணி 1.20. இரண்டாவது மடிப்பு போட்டேன். காரணம்: அவர் தூங்குகிறார்.'

அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவள் அடுத்த வரியைப் படித்தாள். அது அவர் கையெழுத்து: 'மணி 4.05. இரண்டாவது மடிப்பை அவிழ்க்கவில்லை. காரணம்: அவள் தூங்குகிறாள்.'

அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்க சார் போனீங்க ரெண்டு பேரும்?" வக்கீலின் குரல். "கோர்ட்ல மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. உங்க விவாகரத்து கேஸை ஆறு மாசம் தள்ளி வெச்சுட்டாங்க."

போனை அணைத்துவிட்டு அவர், 'தாமதம்: ஒன்றே முக்கால் மணி நேரம்' என்று எழுதினார். அவள் பேனாவை வாங்கி, அதற்குப் பக்கத்தில் எழுதினாள்: 'வரவு: ஆறு மாதம்.'