பொய்க் கிளட்ச்

எஞ்சினே இல்லாத மின்கார்களில், கியர் பைத்தியங்களுக்காகவே பொய்க் கிளட்ச் வைத்து விற்றார்கள். ஆட்டோமேட்டிக் எல்லாம் சோம்பேறிகளுக்கு என்று சொல்லி மதிவாணன் அதைத்தான் வாங்கினான். கிளட்ச்சைத் தப்பாக விட்டால், அந்தக் காலத்துக் கார் போலவே நடுரோட்டில் நின்றுவிடும்.

பிரசவ வலி எடுத்த மனைவி இளவேனிலை ஏற்றிக்கொண்டு போனபோது மேம்பாலத்தில் நின்றது.

"ஆட்டோமேட்டிக்குக்கு மாறித் தொலை!" என்று கத்தினான்.

"இறங்கித் தள்ளுங்கள். அதுதான் அசல் அனுபவம்" என்றது கார்.

அவன் இறங்கித் தள்ளினான். இளவேனில் வயிற்றைப் பிடித்தபடி இறங்கி, பின்னால் வந்த ஆளில்லா டாக்ஸியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.

"நானும் வரேன்டி!"

"ஆசைப்பட்டு வாங்குனீங்கள்ல, தள்ளிக்கிட்டே வாங்க."

அவன் வேர்த்து விறுவிறுத்து ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தபோது, மகள் பிறந்து, பால் குடித்து, தூங்கியும்விட்டாள்.

"யார் ஜாடை?" என்று ஆசையாகக் கேட்டான்.

"வழியில எங்கயும் நிக்காம வந்தா. என் ஜாடைதான்."